முகத்துவாரம் தாண்டும் உழவர்கள் கவனத்திற்கு

கடற்கரையை அடுத்த ஊர்களில் ஓரிரு ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் உழவர்கள் பலர், சம்பா அறுவடை முடிந்ததும் வேறு வருமானம் தேட வேண்டியவர்களாக இருக்கின்றனர். உப்பு ஏறிய நிலத்தில் கோடையில் பயிர் வைத்து மீள்வது கடினம். அருகிலேயே உப்பங்கழி இருக்கிறது. இறாலும் நண்டும் கிடைக்கின்றன. பழைய பைபர் படகு ஒன்றை நாலு பேர் கூட்டாக வாங்கிக் கழியில் தொழில் தொடங்குகின்றனர். நாளடைவில் அந்தத் தொழில் கடல் வரை நீள்கிறது. கொள்ளிடத்தின் கடைமடையில், திட்டுகளிலும் படுகைகளிலும் மல்லிகையும் காய்கறியும் பயிர் செய்வோருக்கோ வெள்ளக் காலத்தில் படகைத் தவிர வேறு வாகனம் இல்லை.

கழிக்குள் படகு விடுவது பெரிய வித்தை அல்ல. ஆழ்கடலிலும் நல்ல நாளில் படகு பத்திரமாகவே இருக்கும். ஆபத்து இவ்விரண்டும் சேரும் வாயில்தான் உள்ளது. இதனை முகத்துவாரம் என்றும், குமரி மாவட்டத்தில் பொழி என்றும் கூறுவர். தாண்டுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் படகு கவிழ்வதற்கு அதிலும் குறைந்த நேரமே போதும்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மீனவர் சிறு வயதிலேயே தகப்பனார் படகில் அமர்ந்து முகத்துவாரத்தின் குணத்தைக் கற்றுக்கொள்கிறார். உழவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இயந்திரத்தின் விலையையும் மானியத்தையும் விசாரிக்கும் அக்கறை, ஓதத்தின் நேரத்தை விசாரிப்பதில் காணப்படுவதில்லை. இருப்பினும் உழவர் நன்கு அறிந்த மடை, வாய்க்கால் ஆகியவற்றைக் கொண்டே முகத்துவாரத்தையும் புரிந்துகொள்ள முடியும்.

மடைவாயும் முகத்துவாரமும்

ஏரியில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. மடையைத் திறந்தால் அந்த ஒரு வாயில் மட்டும் ஆளை இழுக்கும் வேகம் உண்டாகிறது. பரந்த நீர் குறுகிய வழியே வெளியேறுவதுதான் காரணம். கழியும் ஒரு ஏரிதான், முகத்துவாரம் அதன் மடைதான். வேறுபாடு என்னவெனில், இந்த மடை நாளொன்றுக்கு இரு முறை உள்ளேயும் இரு முறை வெளியேயும் ஓடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 சதுர கி.மீ. பரப்புள்ள சிறிய கழி ஒன்றில், கடல் வற்றும்போது நீர்மட்டம் ஒரு சாண் அளவு, அதாவது 20 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேற வேண்டிய நீர் 20 லட்சம் கன மீட்டர். அது ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் வெளியேற வேண்டும். அப்படியானால் சராசரியாக விநாடிக்கு 3,200 கன அடிக்கு மேல் ஓட வேண்டும். முகத்துவாரம் 50 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ளதாயின் நீரின் சராசரி வேகம் மணிக்கு 4 கி.மீ.க்கு மேல் வரும். நடு வடிப்பில் 7 கி.மீ. வரையும் ஏறலாம். துடுப்புப் போடும் ஆள் எவ்வளவு முயன்றாலும் அந்த வேகத்தை எதிர்த்து உள்ளே வர முடியாது. நமது கிழக்குக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓத நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அதைக் கண்டு, இங்கே ஓதம் அற்பம் என்று எண்ணிவிடக் கூடாது. பழவேற்காடு ஏரி போன்ற பரந்த நீர்ப்பரப்புக்குச் சில அங்குல இறக்கமே ஆற்று வெள்ளத்துக்குச் சமம்.

நீரின் வேகம் மட்டுமே ஆபத்து என்றால், படகு கடலுக்குள் இழுத்துச் செல்லப்படுவதோடு முடிந்துவிடும். கவிழ்ப்பது வேறொன்று. முகத்துவாரத்துக்கு வெளியே மணல் திட்டு ஒன்று வில் போல வளைந்து கிடக்கும். ஆற்று நீர் கொண்டுவந்த மணலும் அலை தள்ளிய மணலும் சேர்ந்து அமைந்த திட்டு இது. ஆழம் குறைந்த இடத்துக்கு வரும் அலை உயர்ந்து எழுந்து உடைகிறது. 3 அடி உயரமுள்ள அலை ஏறத்தாழ 4 அடி ஆழம் வந்ததும் உடைந்துவிடும். இந்த அலைக்கு எதிராகக் கழியின் நீர் வடிந்து வந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. எதிர்நீர் அலையின் காலைத் தடுக்கிறது. அலைகள் நெருங்கி, குட்டையாகி, சுவர் போலச் செங்குத்தாக நிமிர்கின்றன. காலையில் தொட்டில் போல ஆட்டிய அதே அலை, வடிப்பு தொடங்கியதும் படகைப் புரட்டக்கூடியதாகிறது. காற்றும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. நீரின் திசை ஒன்றுதான் மாறியது.

ஆகவே முகத்துவாரத்தைத் தாண்டும் உழவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கடல் எப்படி இருக்கிறது?" என்பதல்ல. "நீர் ஏறுகிறதா, வடிகிறதா?" என்பதே.

ஓதத்தை அறியும் வழி

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களையும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களையும் ஒட்டி ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். அந்நாட்களில் முகத்துவாரத்தில் இழுவையும் மிகுதி. அஷ்டமி, நவமியை ஒட்டி ஓதம் சிறுத்து, இழுவையும் தணிந்திருக்கும். கழியை விட்டு முதன்முதலாகக் கடலுக்குச் செல்ல விரும்புவோர் இந்த நாட்களையே தேர்ந்தெடுப்பது நலம். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பது நம்மவர் வழக்கம். முகத்துவாரத்தைப் பொறுத்தவரை அவையே நல்ல நாட்கள்.

நேரத்தை அறிவதும் எளிது. நீர் உச்சத்துக்கு ஏறி, வடிந்து, மறுபடி உச்சத்துக்கு வர 12 மணி 25 நிமிடம் ஆகிறது. எனவே நாளுக்கு நாள் உச்சம் சராசரியாக 50 நிமிடம், அதாவது ஏறத்தாழ இரண்டு நாழிகை தள்ளிப் போகும். தம் ஊர் முகத்துவாரத்தில் அமாவாசையன்று எத்தனை மணிக்கு நீர் உச்சத்தில் நின்றது என்பதை ஒருவர் குறித்துக்கொண்டால், மற்ற நாட்களுக்குத் தாமே கணக்கிடலாம். அன்று காலை 8 மணி என்றால், மூன்றாம் பிறையன்று 10.30 மணி அளவில் இருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடலில் நீர் இறங்கத் தொடங்கிய உடனே முகத்துவாரத்தில் வடிப்பு தொடங்குவதில்லை. கழியின் மட்டம் இன்னும் தாழ்வாக இருப்பதால் சிறிது நேரம் நீர் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வடிப்பு முடியும்போதும் இவ்வாறே தாமதம் உண்டு. இந்தத் தாமதம் கழியின் பரப்பையும் வாயின் அகலத்தையும் பொறுத்து ஊருக்கு ஊர் வேறுபடும். ஆதலால் கணக்கை மட்டும் நம்பாமல், கரையில் நின்று ஒரு தேங்காய் மட்டையை நீரில் எறிந்து பார்க்க வேண்டும். மட்டை உள்ளே சென்றால் ஏற்றம், வெளியே சென்றால் வடிப்பு. நின்ற இடத்தில் தயங்கினால் அதுவே தாண்டுவதற்கு மிக நல்ல வேளை. ஏற்றத்தின் பிற்பகுதியும், உச்சத்தில் நீர் நிற்கும் நேரமும் பாதுகாப்பானவை. திட்டின் மீது ஆழமும் அப்போது கூடுதலாக இருக்கும்.

போவது எளிது, திரும்புவது கடினம்

விடியற்காலையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும். அலை படிந்திருக்கும். படகு அலையை நேர்முகமாகக் காணும். வரும் அலையைக் கண்ணால் பார்த்து, முனையை நேரே கொடுத்து ஏறி இறங்கலாம். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்து அலையை உயர்த்துகிறது. மீன் ஏற்றிய படகு அந்த வேளையில்தான் திரும்புகிறது. அப்போது அலை முதுகுப் பக்கமிருந்து வருகிறது.

அலையின் முகம் கரையைப் பார்த்து உடைகிறது. கடலிலிருந்து பார்ப்பவருக்கு அதன் முதுகு மட்டுமே தெரியும். அது வழவழப்பாகவும் தாழ்வாகவும் தோன்றும். கரையில் நிற்பவர் நெஞ்சுயர நுரையைப் பார்க்கும் அதே வேளையில், படகில் வருபவர் "இன்று அமைதியாக இருக்கிறது" என்று எண்ணி உள்ளே நுழைகிறார். எனவே கடலிலிருந்து பார்த்துத் தோன்றுவதைவிட அலை பெரியது என்றே எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் அனுபவமுள்ள ஒருவரை நிறுத்தி, துணியை அசைத்துச் சைகை காட்டச் செய்வது பல ஊர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு. கைபேசியில் கேட்டுக்கொண்டாலும் சரியே.

பின்னாலிருந்து வரும் அலை படகை எவ்வாறு கவிழ்க்கிறது? பாரம் ஏற்றிய மாட்டு வண்டி செங்குத்தான இறக்கத்தில் போவதை நினைத்துப் பார்க்கவும். வண்டி மாடுகளைத் தள்ளும். மாடுகள் ஒரு பக்கம் விலகினால் நுகத்தடி திரும்பி, வண்டி குறுக்கே விழும். அலை படகின் பின்புறத்தைத் தூக்கும்போது முன்முனை நீரில் புதைகிறது. புதைந்த முனை நின்றுவிட, பின்புறம் முந்திக்கொண்டு வர, படகு அலைக்குக் குறுக்கே திரும்புகிறது. அடுத்த அலை அதனைப் பக்கவாட்டில் புரட்டிவிடுகிறது. அலையின் முகத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கும் வேகம்தான் இங்கு எதிரி.

ஆதலால் திரும்பும் படகு முகத்துவாரத்துக்கு வெளியே, ஆழமான இடத்தில் முனையைக் கடலுக்குக் கொடுத்து நின்று, குறைந்தது கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சில பெரிய அலைகள் தொடர்ந்து வரும், பின் சிறிது நேரம் தணியும். எத்தனை அலைக்கு ஒரு முறை என்பதற்கு நிலையான கணக்கு இல்லை. கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் உள்ளே வர வேண்டும். முன்னே செல்லும் அலையின் உச்சியைத் தாண்டி முந்தக் கூடாது, பின்னால் வரும் அலையிடம் பிடிபடவும் கூடாது. நுழைந்த பின் மனம் மாறி நடுவில் படகைத் திருப்புவது மிகக் கெட்ட முடிவு. படகின் பக்கம் அலைக்குக் காட்டப்படும் அந்த ஒரு கணமே போதும். இயந்திர வேகம் போதாத படகில், பின்புறத்தில் கனமான கயிற்றை நீளமாக இழுத்துவிட்டால், அது பின்பக்கத்தைப் பிடித்து வைத்துப் படகு குறுக்கே திரும்புவதைத் தடுக்க உதவும். கயிறு இயந்திரத்தின் விசிறியில் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாய் சரியில்லை என்றால் வெளியிலேயே காத்திருப்பதுதான் வழி. அதிகம் போனால் ஆறு மணி நேரத்தில் நீர் திரும்பிவிடும். இதைச் சொல்வது எளிது. ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்போது, வியாபாரி கரையில் காத்திருக்கும்போது, படகுக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாளில், காத்திருப்பது எளிதல்ல. ஒரு கூடை இறாலின் விலை விழுந்துவிடும் என்ற அவசரத்தில்தான் பல படகுகள் வடிப்பில் நுழைகின்றன. காத்திருக்கத் தேவையான குடிநீர், உணவு, எரிபொருள், ஒரு பங்கு கூடுதல் ஐஸ் ஆகியவற்றைப் புறப்படும்போதே ஏற்றிவிட்டால் இந்த அவசரம் பாதி குறையும். இதற்கான செலவைத் தொழில் செலவாகவே கருத வேண்டும்.

பாரமும் படகுத் தண்ணீரும்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் மிதவை அங்கி அணிந்திருக்கவில்லை. விடுமுறை நாட்களில் ஆட்களை ஏற்றிச் சென்று நாலு காசு பார்க்கலாம் என்று நினைக்கும் படகுக்காரர்கள் இதனை மறக்கக் கூடாது. மீன்பிடிப் படகு ஆள் ஏற்றுவதற்கானதல்ல.

பாரம் ஏற்றிய பின் படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே குறைந்தது ஒரு முழமாவது இருக்க வேண்டும். யூரியா மூட்டை 45 கிலோ. நான்கு மூட்டை என்பது மூன்று ஆள் பாரம். அவற்றைப் படகின் அடித்தளத்தில், நடுவில், அசையாதபடி கட்டி வைக்க வேண்டும். விளிம்புக்கு மேல் அடுக்கிய வைக்கோல் கட்டு காற்றுக்குப் பாய் போலாகிவிடும். முன்முனையில் பாரம் வைத்தால், மேலே கூறியபடி முனை எளிதில் புதையும். முகத்துவாரத்தில் ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது. அனைவரும் தாழ உட்கார்ந்து இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படகுக்குள் தேங்கும் தண்ணீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பாதி நிரம்பிய தண்ணீர்ப் பீப்பாயை வண்டியில் ஏற்றிச் சென்றவர்களுக்கு அதன் குணம் தெரியும். நிறைந்த பீப்பாய் அடங்கி நிற்கும், பாதிப் பீப்பாய் வண்டியையே சாய்க்கும். படகு சாயும் பக்கம் தண்ணீரும் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். வாய்க்குள் நுழையுமுன் தண்ணீரை முழுவதும் இறைத்துவிட வேண்டும். எரிபொருள் மாற்றுவதையும் அப்போதே செய்துகொள்ள வேண்டும். முகத்துவாரத்தின் நடுவில் இயந்திரம் நின்றால் படகுக்குக் கண் போனதற்குச் சமம். நங்கூரம் அடியில் புதைந்து கிடக்காமல், கயிறு சிக்கலின்றி முன்முனையில் தயாராக இருந்தால், முனையை அலைக்குக் காட்டியபடி படகை நிறுத்தி மறுபடி இயந்திரத்தை இயக்க அவகாசம் கிடைக்கும்.

மிதவை அங்கியை முகத்துவாரத்துக்கு முன்பே அணிந்துகொள்ள வேண்டும். கவிழ்ந்த பின் தேடி எடுத்து அணிந்தவர் அரிது. அங்கி வாங்கும் வரையில், மூடி இறுக்கிய 20 லிட்டர் காலிப் பிளாஸ்டிக் கேன்களைக் கயிற்றில் கட்டி வைக்கலாம். ஒரு கேன் இருவர் தலையை நீருக்கு மேல் வைத்திருக்கும். ஆனால் அங்கியைப் போல அது உடலோடு ஒட்டியிராது.

போன ஆண்டு இருந்த வழி

முகத்துவாரத்தின் ஆழமான தடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கிழக்குக் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்ட பின், அவற்றுக்குத் தெற்கே மணல் தங்கி மெரீனா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்ததும் இதனாலேயே. இதே மணல்தான் முகத்துவாரங்களையும் இடம் பெயர்க்கிறது, சில வேளை முற்றிலும் அடைத்தும் விடுகிறது. எனவே போன ஆண்டு சென்ற தடத்தில் இந்த ஆண்டு நம்பிச் செல்லக் கூடாது. ஒரு பருவம் கழிந்ததும், பெருவெள்ளம் அல்லது புயலுக்குப் பின்னும், அமைதியான நாளில் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துத் தடத்தைப் புதிதாக அறிய வேண்டும். பரங்கிப்பேட்டை, பழையாறு போன்ற இடங்களில் அன்றாடம் சென்று வரும் மீனவர்களிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணமும் தவறானது. குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் கற்சுவர்களுடன் கட்டப்பட்ட துறைமுகத்தின் நுழைவாயிலிலேயே படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் மாண்டிருக்கின்றனர். சுவர் தடத்தை நேராக்கும், ஆனால் வாயில் சேரும் மணலையும் அங்கு எழும் அலையையும் அது முற்றிலும் அகற்றாது.

வானம் தெளிவாக இருந்தும் வரும் ஆபத்துகள் இரண்டு. ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூரில் காற்றே இல்லாதபோது நீண்ட அலைகள் திடீரென்று கரையில் எழுவதைக் கள்ளக்கடல் என்பர். ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில், தென்னிந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் அலைகள் அவை. ஆழ்கடலில் படகில் இருப்போருக்கு அவை தெரிவதே இல்லை. ஆழம் குறைந்த திட்டில்தான் தலை தூக்கும். 2024ஆம் ஆண்டு மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அத்தகைய அலையில் மாண்டனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிட்டு வருகிறது. வானொலியிலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் இதனை அறியலாம்.

மற்றது மேட்டூர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் வெளியேறியபோது கொள்ளிடத்தின் நாதல்படுகை, முதலைமேடு திட்டு முதலிய ஊர்கள் நீர் சூழ்ந்து நின்றன. கடைமடையில் ஒரு சொட்டு மழை இல்லை. இவ்வாறு வெள்ளம் வரும் நாட்களில் ஏற்றம், வடிப்பு என்ற கணக்கு எதுவும் செல்லாது. கடல் ஏறினாலும் முகத்துவாரத்தில் நீர் வெளியேதான் ஓடும். அணை திறக்கும் செய்தி வந்த நாளிலிருந்து வெள்ளம் வடியும் வரை முகத்துவாரத்தின் பக்கமே செல்லாதிருக்க வேண்டும். திட்டிலிருந்து கால்நடைகளையும் தானியத்தையும் வெள்ளம் வருவதற்கு முன்பே, பகலிலேயே அக்கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

படகு கவிழ்ந்தால்

கவிழ்ந்த படகை விட்டு நீந்தக் கூடாது. பைபர் படகு பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும். அதைப் பிடித்திருப்பவரைத் தேடுவோர் எளிதில் காண்பர். வடிப்பில் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டவர் களைத்துத்தான் மூழ்குகிறார். இழுவை கடலுக்குள் நெடுந்தூரம் செல்வதில்லை. திட்டைத் தாண்டியதும் நீர் விரிந்து வேகம் தணியும், அலையும் அங்கே உடையாது. படகு கைநழுவிவிட்டால், இழுவைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் நீந்தி விலகிய பிறகே கரையை நோக்க வேண்டும். கால்களில் சுற்றும் வேட்டியை உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

கரையில் இருப்போர் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணுக்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறையின் 1093 என்ற எண்ணுக்கோ உடனே தெரிவிக்கலாம். மீட்கப்பட்டவர் மூச்சுவிடவில்லை எனில், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும், தலைகீழாகச் சுற்றுவதும் காலத்தை வீணாக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சுக் கொடுக்க வேண்டும். பின் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை மூச்சுக் கொடுத்து, மருத்துவ உதவி வரும் வரை இதையே தொடர வேண்டும்.

படகு வைத்துள்ள உழவர்கள் அதனை 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்திருப்பதும் அவசியம். மீனவர்களுக்கான விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் மீனவராகச் சேர்க்கப்படாத உழவரின் குடும்பத்துக்கு அது கிடைப்பது கடினம். எனவே கடலுக்குச் செல்லும் உழவர்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேருவதற்குத் தகுதி உண்டா என்பதை அருகிலுள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதல் வேலையாகக் கேட்டறிய வேண்டும். நிலப் பட்டாவும் ஆதார் அட்டையும் படகு வாங்கிய ரசீதும் கையில் இருந்தால் விசாரணை எளிதாகும்.